வாசலில் நிற்பவர் யார்?



கடைக்குப் பூட்டு வாங்கும்போது நாம் நாலு கடை ஏறி இறங்கி, எடை பார்த்து, லீவர் எத்தனை என்று கேட்டு வாங்குகிறோம். ஷட்டருக்கு நடுப்பூட்டு வேறு போடுகிறோம். ஆனால் அன்றைய வசூல் போய்ச் சேருகிற வீட்டுக் கதவை, யார் வந்து "அம்மா" என்று கூப்பிட்டாலும் திறந்து விடுகிறோம். இந்த இடத்தில்தான் நமது கணக்கு பிசகுகிறது. வீட்டு வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாதவரை எப்படி எதிர்கொள்வது, எது பாதுகாப்பு, எது அநியாயம் என்பதைப் பற்றி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மொத்த வியாபாரத்தில் இருக்கும் அனுபவத்தில் சில செய்திகளை எழுதுகிறோம்.

திண்ணை வைத்துக் கட்டிய ஊர்

நன்னிலம் பகுதியின் பழைய வீடுகளைப் பார்த்தாலே நம் முன்னோரின் எண்ணம் விளங்கும். தெருவில் திண்ணை. அதைத் தாண்டி ரேழி, பிறகு முற்றம், கூடம், கடைசியில் கொல்லை. திண்ணை வழிப்போக்கனுக்கு உரியது. யார் என்று கேட்காமலே அவன் அங்கே படுக்கலாம், தண்ணீர் கேட்கலாம். ஆனால் ரேழிக்குள் காலெடுத்து வைக்க வேண்டுமானால் அவன் யார் என்பது தெரிந்தாக வேண்டும். உபசாரமும் எச்சரிக்கையும் ஒரே வீட்டில், ஒரு நிலைப்படியின் இரண்டு பக்கமாக இருந்தன. இன்று திண்ணையை இடித்துக் கடை முகப்பு ஆக்கிவிட்டோம். இடையில் இருந்த இடம் போய்விட்டது. கதவைத் திறந்தால் வந்தவர் நேராகக் கூடத்தில்தான் நிற்கிறார்.

நம் பக்கத்துக் கதை ஒன்றை இங்கே நினைக்க வேண்டும். நமக்கு அருகிலுள்ள திருச்செங்காட்டங்குடியில் வாழ்ந்த சிறுத்தொண்டர் வீட்டு வாசலுக்கு பைரவக் கோலத்தில் ஒருவர் வந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அப்போது வீட்டுக்காரர் இல்லை. உள்ளே வந்து அமருமாறு பெண்கள் வேண்டியும் அவர் நுழையவில்லை. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் தனியே புகமாட்டோம், கணபதீச்சரத்தில் ஆத்தி மரத்தடியில் இருப்போம், அவர் வந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதே நூலில் இன்னொரு வாசலும் உண்டு. திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதன் திருநீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு வந்தான். மன்னர் உறங்குகிறார், நேரம் அறிந்து வாருங்கள் என்று தத்தன் என்னும் காவலன் தடுத்தான். முத்தநாதனோ காத்திருக்கவில்லை, தடையை மீறி உள்ளே புகுந்தான்.

நாயன்மார்களின் பக்திப் பெருமை வேறு, அது நம் அளவுக்கு எட்டாதது. ஆனால் வீடு காக்கிறவர்களுக்கு இந்த இரண்டு வாசல்களிலும் ஒரே பாடம் இருக்கிறது. முறையோடு வந்தவர் காத்திருக்கிறார், வஞ்சகன் அவசரப்படுத்துகிறான். இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்த செய்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கமே.

எங்கள் வீட்டில் நடந்தது

1988ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. எங்கள் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். பதினொரு மணியளவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். தாயாரைப் பார்த்து, "அம்மா, லாரி பார்சல் ஆபீஸ்ல பருப்பு மூட்டை வந்து கெடக்கு. பணம் கட்டுனாத்தான் எறக்குவாங்களாம். கடையில கூட்டம், அய்யாவால நகர முடியல. அய்யாயிரம் வாங்கிட்டு ஓடியாடான்னாங்க" என்று சொல்லியிருக்கிறார். தந்தையின் பெயர், கணக்குப்பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடம் போகும் தம்பியின் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னாராம். "லாரிக்காரன் கெளம்பிட்டா சரக்கு திரும்பிப் போயிடும்மா" என்று இரண்டு முறை சொன்னாராம். தாயார் பீரோவைத் திறந்து எண்ணிக் கொடுத்துவிட்டார்கள்.

மதியம் சாப்பிட வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பார்சலும் இல்லை, லாரியும் இல்லை. விசாரித்ததில், அந்த ஆள் அதற்கு முன் இரண்டு நாள் எங்கள் கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது தெரியவந்தது. நாங்கள் கடையில் உரக்கக் கூப்பிட்ட பெயர்களையும் உரக்கப் பேசிய சரக்கு விவரங்களையும் அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைய ஐயாயிரம் சிறிய தொகை அல்ல. ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம், தாயார் அதற்குப் பிறகு பல மாதம் தம்மையே நொந்துகொண்டது. தவறு அவர்களுடையது அல்ல. கடைக்கும் வீட்டுக்கும் இடையே ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளாத எங்களுடையது.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடையிலிருந்து யார் போனாலும் கையெழுத்திட்ட சிட்டை இருக்க வேண்டும். அதோடு வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லையும் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை அவ்வப்போது மாற்றிவிடுவோம். இப்போது கைபேசி வந்துவிட்டது. ஆனாலும் "முதலாளி போன் சார்ஜ் இல்லை" என்று சொல்லிக்கொண்டு ஓர் ஆள் வரலாம். ஆகவே அந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை. செலவில்லாத பூட்டு இது. ஒவ்வொரு வியாபாரியும் இன்றே செய்துகொள்ளலாம்.

வியாபாரி வீடு ஏன் குறியாகிறது?

காரணங்கள் மூன்று. முதலாவது, நம் நடமாட்டம் ஊருக்கே தெரியும். கடை திறக்கும் நேரம், அடைக்கும் நேரம், கொள்முதலுக்கு வெளியூர் போகும் நாள் எல்லாம் பலகையில் எழுதி வைத்தது போலத்தான். இரண்டாவது, பணம் வரும் பருவமும் தெரியும். குறுவை அறுவடை, தீபாவளி, சம்பா அறுவடைக்குப் பின் தை, மாசி என்று கடன் பாக்கி வசூலாகும் நாட்களை யாரும் கணக்கிடலாம். மூன்றாவது, பகலில் ஆண்கள் கடையில் இருக்க, வீட்டில் வயதானவர்களும் பெண்களும் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்ட வீடுகளில் பெரியவர்கள் இருவரே இருக்கிறார்கள்.

மெருகு போட வருகிறவர்கள்

பலமுறை பத்திரிகைகளில் வந்தும் இன்னும் நடக்கும் மோசடி நகை மெருகு. இருவர் வருவார்கள். பாத்திரம் துலக்கும் பொடி விற்பதாகச் சொல்லி, குத்துவிளக்கை இலவசமாகத் தேய்த்துக் காட்டுவார்கள். பளபளக்கும். அடுத்தது வெள்ளிக் கொலுசு. அதுவும் பளபளக்கும். மூன்றாவதாகத்தான் கழுத்துச் சங்கிலியைக் கேட்பார்கள்.

சில இடங்களில் சங்கிலியை மஞ்சள் தண்ணீரில் போட்டு, டப்பாவை மூடிக் கொடுத்து, பத்து நிமிடம் கழித்துத் திறக்கச் சொல்வார்கள். திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. வேறு சில இடங்களில் சங்கிலி திரும்ப வரும், எடைதான் குறைந்திருக்கும். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த அரச திராவகம் தங்கத்தையே கரைக்கக்கூடியது. கரைந்த தங்கம் அவர்கள் கிண்ணத்தில் தங்கிவிடும். வீட்டில் தராசு இல்லாததால் நமக்குத் தெரியாது. எடை போட்டே பிழைக்கும் நம் வீட்டிலேயே எடை ஏமாறுவது வேதனை. நகை வேலை எதுவானாலும் தெரிந்த ஆசாரியின் பட்டறையிலோ கடையிலோ எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டு வாங்குவதே முறை.

அதிகாரி வேடம்

வியாபாரியைச் சட்டென்று வாயடைக்க வைக்கும் வேடம் அதிகாரி வேடம். இதற்கு இந்தியாவில் பெயர்பெற்ற உதாரணம் 1987 மார்ச் 19 அன்று பம்பாயில் நடந்தது. மோன் சிங் என்று பெயர் சொல்லிக்கொண்ட ஒருவர், உளவு அதிகாரி வேலைக்கு ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பெரிய ஓட்டலில் நேர்முகத் தேர்வு நடத்தி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஓபரா ஹவுஸ் பகுதியிலிருந்த புகழ்பெற்ற நகைக் கடைக்கு சி.பி.ஐ. சோதனை என்று அழைத்துப் போனார். வந்த இளைஞர்களே அதை நிஜச் சோதனை என்று நம்பினார்கள். கடைக்காரரும் நம்பினார். நகையையும் பணத்தையும் பெட்டியில் வைத்து முத்திரை இட்டுக்கொண்டு அந்த ஆள் போனவர் போனவர்தான். இந்தச் சம்பவத்தை வைத்துப் பிற்காலத்தில் இந்தியிலும் தமிழிலும் திரைப்படங்கள் வந்தன.

அங்கே கத்தியும் இல்லை, துப்பாக்கிச் சூடும் இல்லை. கடைக்காரரின் பயம் ஒன்றே அந்த ஆளின் ஆயுதம். அடையாளம் கேட்டால் அதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. கணக்கில் சிறு குறை இருந்தால் தயக்கம் இரட்டிப்பாகிறது. ஏமாற்றுக்காரனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆகையால் கணக்கைச் சரியாக வைத்திருப்பதும் ஒரு வீட்டுக் காவல்தான்.

உண்மையான சோதனைக்கு முறைகள் உண்டு. அவற்றை வணிகர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி சோதனையிட, இணை ஆணையர் பதவிக்குக் குறையாத அதிகாரி எழுத்து மூலம் அளித்த அதிகார ஆணை வேண்டும். ஐ.என்.எஸ்-01 என்பது அந்தப் படிவத்தின் பெயர். மத்திய வரித் துறை அனுப்பும் ஆணைகளில் 2019 நவம்பர் முதல் ஆவண அடையாள எண் இருக்கும், அதை இணையதளத்தில் சரிபார்க்கலாம். வருமான வரிச் சோதனையில் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஆணையைப் பார்க்கவும், வந்திருக்கும் ஒவ்வொருவரின் அடையாள அட்டையைப் பார்க்கவும் நமக்கு உரிமை உண்டு. பெண்களின் உடலைப் பெண்ணே சோதிக்க வேண்டும்.

காவல் துறைச் சோதனையில் அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில், எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் எழுதி நமக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 105) சோதனையை ஒலி, ஒளிப் பதிவும் செய்ய வேண்டும். அரசு ஊழியர் போல நடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 204ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம்.

ஆணையைப் படித்துப் பார்ப்பதும், அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்பதும் தடுப்பது ஆகாது. வந்தவர் கொடுக்கும் எண்ணுக்குக் கூப்பிடாமல், நாமே தேடி எடுத்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். உண்மை அதிகாரி அதுவரை காத்திருப்பார். சரிபார்த்த பின் அவருக்கு ஒத்துழைக்க வேண்டியது நமது கடமை. எந்த அபராதமானாலும் ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

இதே அதிகாரி இப்போது கைபேசி வழியாகவும் வீட்டுக்குள் வருகிறார். வீடியோவில் போலீஸ் உடுப்போடு தோன்றி, "டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், வீட்டை விட்டு நகரக் கூடாது" என்று மிரட்டிப் பணம் அனுப்பச் சொல்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. இணைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு மீட்கும் வாய்ப்பு உண்டு.

இரவில் கதவை உடைத்தவர்கள்

வேடம் போடாமல் வந்தவர்களும் உண்டு. 1995 முதல் 2005 வரை தமிழ்நாட்டில் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் தொடர்ச்சியாகக் கொலையும் கொள்ளையும் நடந்தன. லாரியில் வந்து, நள்ளிரவில் கதவை உடைத்து, உறங்குகிறவர்களைத் தாக்கிக் கொள்ளையடித்துப் போனார்கள். 2005 ஜனவரி 9 அன்று கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தானாகுளத்திலிருந்த தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின் ஐ.ஜி. ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வட மாநிலங்கள் வரை சென்று அந்தக் கும்பலைப் பிடித்தது. கொள்ளை நடந்த வீடுகளில் எடுத்த கைரேகைகள் அந்தத் துப்புத் துலக்கலுக்குப் பெரிதும் உதவின. திருடு போன வீட்டில் எதையும் தொடாதீர்கள் என்று போலீசார் சொல்வது எதற்காக என்பதற்கு இதுவே சான்று.

அந்தக் கும்பல் பவாரியா கும்பல் என்று பெயர் பெற்றது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குற்றம் செய்தவர்கள் சிலர், பெயர் ஒட்டிக்கொண்டதோ ஒரு சமூகம் முழுவதற்கும். வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, பிறக்கும் குழந்தையையே திருடன் என்று பதிவு செய்தான். தமிழ்நாட்டிலும் பல சமூகங்கள் அந்தக் கொடுமையை அனுபவித்தன. அதை எதிர்த்து 1920இல் பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அந்தச் சட்டம் ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் மனத்தில் அது ஒழிந்ததா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் அளவு மீறினால்

எங்கள் பணம் போன கதையைச் சொன்னோம். அதன் மறுபாதியையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

அதற்கடுத்த தை மாதம், விளக்கு வைக்கும் நேரம். தோளில் பையோடு ஒரு பெரியவர் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். பேச்சு தென்பாண்டிச் சீமைப் பேச்சு. எங்கள் வீடு எது, ஆள் இருக்கிறார்களா என்று கேட்டாராம். செய்தி கடைக்கு வந்ததும் நாங்கள் நாலைந்து பேர் ஓடினோம். மூன்று மாதத்துக்கு முந்தைய கோபம் அப்படியே இருந்தது. யார், என்ன என்று கேட்பதற்கு முன்பே கடைப் பையன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். நாங்கள் தடுக்கவில்லை. தடுக்க நேரமில்லை என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தோம். நேரம் இருந்தது.

அவர் பதறாமல் பையைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினார். "அண்ணாச்சி, நம்ம மண்டியில வருசக் கணக்கு பாக்கையில, ஒங்க டிராப்ட் ரெண்டு தரம் வரவாயிருக்கு. ஆயிரத்து எண்ணூறு கூடுதல். இந்தப் பக்கம் வசூலுக்கு வந்தேன், கையோட குடுத்துட்டுப் போகச் சொன்னாங்க" என்றார். அவர் நாங்கள் பருப்பு வாங்கும் விருதுநகர் மண்டியின் கணக்குப்பிள்ளை. எங்களுக்குத் தெரியாமலே எங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைத் திருப்பித் தர வந்தவர்.

தந்தையார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தாயார் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். அவர் ரசீதில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, மயிலாடுதுறை ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார். காப்பி அப்படியே இருந்தது. ஐயாயிரம் போனது இன்று எங்களுக்கு வெறும் கணக்கு. அந்த ஆறிப்போன காப்பி இன்னும் உறுத்துகிறது.

எங்கள் தெருவில் ஓர் அறையோடு முடிந்தது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் அப்படி முடியவில்லை. சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தினர் வழி கேட்பதற்காகக் காரை நிறுத்தினார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்கு அவர்களில் ஒரு மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக அப்போது கைபேசிகளில் வதந்தி பரவியிருந்த நேரம். ஊர் கூடி அடித்ததில் அந்த மூதாட்டி இறந்தே போனார். நம் வீட்டுப் பாட்டி செய்யக்கூடிய காரியத்தைத்தான் அவரும் செய்தார்.

இப்போது நம் பகுதியில் நடவுக்கும் கட்டட வேலைக்கும் வங்காளம், பீகார் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள். நம் கடைகளில் அரிசியும் உருளைக்கிழங்கும் வாங்குகிறார்கள். மொழி தெரியாததே குற்றம் என்று எண்ணி யார் மீதும் கை வைத்துவிடக் கூடாது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. நம் கண்முன்னே கொள்ளை போன்ற ஜாமீனில் விட முடியாத கடுங்குற்றம் செய்பவரை நாமே பிடிக்கலாம். ஆனால் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். வீடு புகுந்து தாக்குபவரிடமிருந்து உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள உரிமை உண்டு. அதுவும் தேவையான அளவுக்கு மட்டுமே. கட்டி வைத்து அடிப்பது தற்காப்பு ஆகாது. மொழி, சாதி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி ஒருவரைக் கொன்றால், கூடிய ஒவ்வொருவருக்கும் ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ உண்டு என்று புதிய சட்டம் கூறுகிறது.

என்ன செய்யலாம்?

1. கதவைத் திறந்துவிட்டு யார் என்று கேட்காமல், கேட்டுவிட்டுத் திறக்க வேண்டும். வாசலில் கிரில் கேட் இருந்தால் அதைப் பூட்டியபடியே பேசலாம். இல்லாவிட்டால் சங்கிலித் தாழ்ப்பாளும், கதவில் பார்க்கும் துவாரமும் அதிகச் செலவில்லை. வாசல் விளக்கின் சுவிட்சு உள்ளே இருக்க வேண்டும், வெளிச்சம் வந்தவர் முகத்தில் விழ வேண்டும்.

2. தண்ணீர் கேட்டால் மறுக்க வேண்டாம். கிரில் வழியாகவோ திண்ணையிலோ கொடுக்கலாம். தண்ணீர் எடுக்க உள்ளே போகும்போது கதவைத் தாழிட்டுவிட்டுப் போக வேண்டும். இது அவமரியாதை அல்ல.

3. வீட்டில் தனியாக இருப்பவர் "யாரும் இல்லை" என்று சொல்லக் கூடாது. "அய்யா குளிக்கிறார், கொஞ்சம் இருங்க" என்றால் போதும். நல்லவர் இருப்பார்.

4. நம் பக்கத்து நீள வீடுகளில் வாசல் கதவு தேக்கு, கொல்லைக் கதவு தகரம். திருடன் தேக்குப் பக்கம் வரமாட்டான். கொல்லைக் கதவுக்குக் குறுக்குக் கட்டை போட வேண்டும். திறந்த முற்றத்துக்கு மேல் இரும்புக் கம்பி வலை போட வேண்டும். ஏணியைக் கொல்லையில் சாத்தி வைக்கக் கூடாது.

5. அன்றைய வசூலை அன்றே வங்கியில் சேர்ப்பது நல்லது. பணம் போடும் இயந்திரங்கள் வங்கி நேரத்துக்குப் பிறகும் இயங்குகின்றன. கடை அடைத்து, பையோடு, ஒரே வழியில், ஒரே நேரத்தில் நடப்பதைத் தவிர்க்க வேண்டும்.

6. நகைகளை வங்கி லாக்கரில் வைக்கலாம். 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கொள்ளை, தீ அல்லது வங்கி ஊழியரின் மோசடியால் லாக்கர் பொருள் போனால், ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். லாக்கரில் ரொக்கம் வைக்க அனுமதி இல்லை.

7. திருட்டுக் காப்பீட்டில் பொதுவாகப் பூட்டையோ கதவையோ உடைத்த அடையாளம் இருந்தால்தான் பணம் கிடைக்கும். நாமே ஏமாந்து எடுத்துக் கொடுத்ததற்குக் கிடைக்காது. பாலிசியை ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள்.

8. திருவாரூர் ஆழித்தேர், நாகூர் கந்தூரி என்று வீடே பூட்டிக்கொண்டு போகும் நாட்களில், உள்ளூர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்ல வேண்டும். தேர் பார்க்கும் படத்தைக் கைபேசியில் ஊருக்கெல்லாம் அனுப்புவதைத் திரும்பி வந்த பிறகு செய்யலாம்.

9. கண்காணிப்புக் கேமரா வைப்பவர்கள் அது பதிவு செய்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். தெருவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து வைத்தால் செலவும் குறையும், தெரு முழுவதும் தெரியும்.

10. கடையில் புதிதாகச் சேரும் ஆட்களின் முகவரி, அடையாள அட்டை நகலை வாங்கி வையுங்கள். வீட்டு விஷயத்தைக் கடையில் உரக்கப் பேசாதீர்கள். நாங்கள் ஐயாயிரம் கொடுத்துக் கற்ற பாடம் இது.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் 100 அல்லது 112க்குக் கூப்பிட வேண்டும். பீரோவையும் கதவையும் தொடாமல், போலீசார் வரும் வரை எல்லோரும் வெளியே இருக்க வேண்டும். ஆயுதத்தோடு வந்தவரிடம் பணத்துக்காகப் போராட வேண்டாம். சரக்கு போனால் வாங்கிக்கொள்ளலாம், உயிருக்குக் கொள்முதல் இல்லை. ஏமாந்துபோனவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் சங்கத்தில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அடுத்த தெரு பிழைக்கும். நாங்கள் 1988இல் வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை. அதே ஆள் பக்கத்து ஊரில் இன்னொரு மளிகைக் கடைக்காரர் வீட்டிலும் கை வரிசை காட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

முடிவாக ஒன்று. நம் தொழில் முன்பின் தெரியாதவர்களால் நடப்பது. கடை வாசலில் அவர் வாடிக்கையாளர், வீட்டு வாசலில் மட்டும் எப்படித் திருடன் ஆவார்? அதே நேரத்தில், கடையில் காசை எண்ணிப் பார்க்காமல் கல்லாவில் போடுவதில்லை. எண்ணுவதால் எந்த வாடிக்கையாளரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. வீட்டு வாசலிலும் அதே முறைதான். கேளுங்கள், சரிபாருங்கள், காத்திருக்கச் சொல்லுங்கள். அந்தச் சிறிது நேரத்தில் திருடன் நழுவிவிடுவான், நல்லவர் நின்றுகொண்டிருப்பார். நின்றவருக்கு ஒரு வாய் காப்பி கொடுங்கள், சூடாக இருக்கும்போதே.

பதறாத காரியம் சிதறாது.